வரப்போர நடையும் தானாய் முளைத்த கீரையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விதைக்காமல் வளரும் கீரையையும் பழத்தையும் தேடி வயல்வெளியில் நடப்பது பற்றிப் பேச்செடுத்தால், எல்லோரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டின் சமவெளிக்கும் கரட்டு நிலத்துக்கும் பொருந்துபவை. மலைக்காட்டுச் செடிகளை இதில் சேர்க்கவில்லை.

தினமும் வாக்கிங் போயிட்டுத்தான் இருக்கேன். அதுல கீரை பறிச்சா மட்டும் புதுசா என்ன சந்தோஷம் வந்துடும்?

கால் ஒரு பக்கம் நடக்க, மனம் வேறெங்கோ கிடக்கும். நம் நடைகளில் பெரும்பாலானவை அப்படித்தான். கீரை தேடத் தொடங்கினால் கண்ணுக்கு வேலை வந்துவிடுகிறது. நேற்றுவரை வெறும் பச்சையாகத் தெரிந்த வரப்பு, இன்று பத்துப் பதினைந்து செடிகளாகப் பிரிந்து தெரியும். இது குப்பைக்கீரை, இது தொய்யக்கீரை, இதன் பெயர் இன்னும் தெரியாது என்று மனம் அந்த இரண்டடி மண்ணுக்கு வந்து நின்றுவிடும். பறித்த கீரையைவிடப் பெரிய பலன் அதுதான்.

அமெரிக்க உளவியலாளர்கள் ரேச்சல் காப்லனும் ஸ்டீபன் காப்லனும் 1989 இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வேலையில் வலிந்து செலுத்தும் கவனம் களைத்துப்போகிறது. இலையும் நீரும் மேகமும் நம் முயற்சியின்றித் தாமாக நம்மை ஈர்க்கும்போது அந்தக் கவனத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரின் தகவல்களை வைத்து 2019 இல் வெளிவந்த ஆய்வொன்றில், வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கைவெளியில் இருப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகக் கூடுதலாகச் சொன்னார்கள். ஒரே நாளில் 2 மணி நேரம் நடந்தாலும், பிரித்துப் பிரித்து நடந்தாலும் வேறுபாடு தெரியவில்லை. இது தொடர்பைக் காட்டும் ஆய்வு மட்டுமே, காரணத்தை நிறுவியது அல்ல. ஆனாலும் வாரம் இரண்டு மணி நேரம் என்பது நல்ல அளவு.

எனக்கு ஒரு செடி பேரும் தெரியாது. எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

ஒரே ஒரு செடியிலிருந்து. குப்பைக்கீரை நல்ல தொடக்கம். வரப்பிலும் தோட்டத்து ஓரத்திலும் தானாக வருவது, நுனியில் பச்சை நிறப் பூக்கதிர் நீண்டு நிற்பது, மழைக்குப் பின் எங்கும் கிடைப்பது. இதன் நெருங்கிய உறவான முள்ளுக்கீரைக்கு இலைக்கணுவில் கூரிய முள் இருக்கும். அதுவும் உண்ணக்கூடியதே. ஆக, இரண்டையும் மாற்றிப் பறித்தாலும் கையில் முள் குத்துமே தவிர, வேறு கெடுதல் இல்லை.

முதல் மாதம் பறிக்கவே வேண்டாம். அந்தச் செடியை முளையாக, பூவோடு, காய்ந்து விதை கொட்டும் நிலையில் என மூன்று பருவத்திலும் பார்த்துவிடுங்கள். ஊரில் களை எடுக்கும் பெண்கள் இதற்கு மிகச் சிறந்த ஆசிரியர்கள். அவர்கள் கையில் எடுத்துக் காட்டிப் பெயர் சொல்வதற்கு எந்தப் படமும் ஈடாகாது. அடுத்து பருப்புக்கீரை, மணத்தக்காளி, முடக்கத்தான், தொய்யக்கீரை, பண்ணைக்கீரை என்று மாதம் ஒன்றாகச் சேர்த்தால் ஆண்டு முடிவில் ஒரு டஜன் செடிகள் உறுதியாகத் தெரிந்திருக்கும். சமையலுக்கு அது தாராளம்.

எந்த மாசம் போனா நல்லா கிடைக்கும்?

மழை பெய்து மூன்று வாரம் கழித்து. முதல் மழையில் முளைப்பவை இளந்தண்டோடு நிற்கும் நேரம் அது. பெரும்பாலான மாவட்டங்களில் ஐப்பசி பாதியில் தொடங்கித் தை வரை கீரைக்கு நல்ல காலம். தென்மேற்கு மழை எட்டும் பகுதிகளில் ஆடி, ஆவணியிலும் ஒரு சுற்று கிடைக்கும்.

பழத்தின் கணக்கு வேறு. நாவல் ஆனி, ஆடியில். இலந்தை மார்கழி முதல் மாசி வரை. கொடுக்காப்புளி வெயில் ஏறத் தொடங்கும் மாசி, பங்குனியில். கோடையில் கீரை கிடைக்காது என்று நடையை நிறுத்திவிடாதீர்கள். இலையற்ற நேரத்தில்தான் எந்த மரம் எங்கே நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

கூட என்னென்ன எடுத்துட்டுப் போகணும்?

துணிப்பை இரண்டு, சிறு கத்தரிக்கோல், ஒரு லிட்டர் தண்ணீர், தொப்பி, இடுப்புயரக் கம்பு ஒன்று. கணுக்காலை மூடும் காலணி கட்டாயம். பாலித்தீன் பையில் போட்டால் கீரை அரை மணி நேரத்தில் புழுங்கிவிடும். பருத்திப் பையை நனைத்துப் பிழிந்து அதில் வைத்தால் மதியம் வரை வாடாது. இரண்டாவது பை, பெயர் தெரியாத செடிக்கு. சந்தேகமானதை உண்ணும் கீரையோடு ஒருபோதும் ஒரே பையில் போடக்கூடாது.

எவ்வளவு பறிக்கலாம்? வேரோட புடுங்கலாமா?

நுனியிலிருந்து நான்கு விரல் அளவு இளந்தண்டைக் கிள்ளினால் போதும். கீழே இரண்டு மூன்று கணு இருந்தால் பத்து நாளில் பக்கத்தில் கிளைத்துவிடும். ஓரிடத்தில் மூன்று செடி இருந்தால் ஒன்றில் மட்டும் கை வையுங்கள். வல்லாரையில் இலையை மட்டும் கிள்ளுங்கள். தரையில் ஓடும் கொடியை இழுத்தால் கணுக்கணுவாக விட்ட வேர் எல்லாம் பெயர்ந்து வந்துவிடும்.

பயிருக்குள் களையாக நிற்பது மட்டும் விதிவிலக்கு. களை எடுக்கும் நாளில் கேட்டால் விவசாயியே வேரோடு பிடுங்கிக் கூடை நிறையத் தருவார். இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: கீரை பறித்துக் கூறு கட்டி விற்று வாழ்பவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் வழக்கமாகப் பறிக்கும் இடம் எதுவென்று தெரிந்தால் அங்கே கை வைக்காதீர்கள். நமக்கு அது பொழுது, அவர்களுக்குக் கூலி.

பருப்புக்கீரை, சாரணை, சித்திரப்பாலாடை... தரையோட கிடந்தா எல்லாம் ஒண்ணுபோலவே தெரியுதே?

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். முதலில் தண்டை ஒடித்துப் பாருங்கள். வெள்ளைப் பால் வந்தால் அது சித்திரப்பாலாடை அல்லது அம்மான் பச்சரிசி வகை. கீரைக்கூடையில் அதற்கு இடமில்லை. பருப்புக்கீரையில் தெளிந்த நீர்தான் கசியும்.

பால் இல்லையென்றால் இலை ஜோடியைப் பாருங்கள். சாரணையில் ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிரே ஒரு பெரிய இலையும் ஒரு சிறிய இலையும் இருக்கும். பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு. பருப்புக்கீரையில் இலை கரண்டி வடிவில் தடித்து வழவழப்பாக, கிளை நுனியில் கொத்தாகச் சேர்ந்திருக்கும். பூ மஞ்சள், வெயில் ஏறும் காலையில் சில மணி நேரம் மட்டும் விரியும். அதனால் எட்டு மணிக்கு மேல் போய்ப் பார்ப்பது நல்லது. சாரணையின் கொழுந்தைச் சில ஊர்களில் சமைக்கிறார்கள். முற்றிய இலை வயிற்றைக் கலக்கும் என்பதால் தொடக்கக்காரர்கள் அதை விட்டுவிடுவதே சரி.

மூக்கிரட்டையிலும் இலை ஜோடி சமமாக இருக்காது. ஆனால் இலை சதைப்பற்றற்று மெலிந்திருக்கும், திருப்பினால் அடிப்பக்கம் வெளுத்திருக்கும், காய் துணியில் ஒட்டும்.

மணத்தக்காளின்னு நினைச்சு விஷச்செடியைப் பறிச்சிட்டா?

மணத்தக்காளிக்கு நான்கு அடையாளங்கள் சேர்ந்து அமைய வேண்டும்: விரல்நக அளவுகூட இல்லாத வெள்ளைப் பூ, அதன் நடுவில் மஞ்சள் கூம்பு, பட்டாணி அளவு காய், ஒரே காம்பிலிருந்து தலைகீழாகத் தொங்கும் கொத்து. பழம் கருப்பாகவோ செம்மஞ்சளாகவோ இருக்கலாம். பச்சைக்காயைப் பறித்தவுடன் வாயில் போடக்கூடாது. அதில் சொலனின் என்ற நச்சுப்பொருள் உண்டு.

ஆபத்தானது ஊமத்தை நாற்று. பூக்காத நிலையில், கீரையோடு கீரையாக அதுவும் வளர்ந்து நிற்கும். இலை பெரிது, விளிம்பு ஒழுங்கின்றிப் பல்போல் வெட்டியிருக்கும், கசக்கினால் குமட்டும் வாடை வரும். பிறகு புனல்போல நீண்ட பூவும் முள்காயும் வந்தால் சந்தேகமே இல்லை. ஆகவே பூவோ காயோ இல்லாத செடியை மணத்தக்காளி என்று பறிக்காதீர்கள். காகிதக்கூடு போர்த்திய காய் தென்பட்டால் அது சொடக்குத்தக்காளி. கூடு காய்ந்து உள்ளே பழம் மஞ்சளான பிறகே உண்ணலாம்.

ஆடு மேயுது, குருவி கொத்துது. அப்போ நாமளும் சாப்பிடலாம்தானே?

கூடாது. மஞ்சள் அரளிப் பழத்தைக் குயில் உண்கிறது. அதே செடியின் கொட்டை மனிதனின் இதயத்துடிப்பைக் குலைத்துக் கொல்லக்கூடியது. எட்டி மரத்தின் பழம் பார்க்க ஆரஞ்சுபோல அழகாக இருக்கும். பறவையும் குரங்கும் சதையைத் தின்றுவிட்டுப் போகும். ஆனால் உள்ளிருக்கும் விதை ஸ்ட்ரிக்னின் என்ற கொடிய நஞ்சு நிறைந்தது. ‘எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன’ என்று சொல்லிவைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்கிறது.

உண்ணும் செடிகளைக் கற்கும் முன்பே அடையாளம் தெரிந்திருக்க வேண்டியவை இவை: அரளி, மஞ்சள் அரளி, ஊமத்தை, எருக்கு, ஆமணக்கு, காட்டாமணக்கு, குன்றிமணி, எட்டி, செங்காந்தள். செங்காந்தள் நம் மாநில மலர், வேலியில் நெருப்புபோலப் பூத்து நிற்கும். ஆனால் அதன் கிழங்கை உண்ணும் கிழங்கென்று நினைத்தால் உயிருக்கே ஆபத்து. கிழங்கு தோண்டும் ஆசையை முற்றிலும் விட்டுவிடுங்கள்.

போன்ல ஆப் இருக்கே, போட்டோ எடுத்தா பேரைச் சொல்லிடுமே?

ஊகம் சொல்லும். அதைச் சரிபார்ப்பது உங்கள் வேலை. முழுச் செடி, பூ, இலையின் அடிப்பக்கம், தண்டும் இலையும் சேரும் கணு என்று நான்கு படம் எடுங்கள். செயலி தரும் பெயரை வைத்துக்கொண்டு, மேலே மணத்தக்காளிக்குச் சொன்னதுபோல் அடையாளங்களை ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் அது வேறு செடிதான். உண்பதற்கு முன் இரண்டு சான்று வேண்டும்: புத்தகமோ செயலியோ ஒன்று, அந்தக் கீரையைச் சமைத்து உண்ணும் மனிதர் ஒருவர்.

பாட்டி பருப்புக்கீரைன்னு காட்டினது வேற, நெட்ல வர்றது வேற. யாரு சொல்றது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். சில பகுதிகளில் மேலே விவரித்த தரைச்செடியைப் பருப்புக்கீரை என்கிறார்கள். வேறு சில பகுதிகளில் நிமிர்ந்து வளரும், இலையில் மாவு பூசியதுபோல் தெரியும் சக்கரவர்த்திக்கீரைக்கு அந்தப் பெயர். பசலை என்ற பெயரிலும் கொடியும் உண்டு, தரையில் படர்வதும் உண்டு. பெயரை மட்டும் நம்பி, ஓர் ஊரில் படித்த சமையல் குறிப்பை இன்னோர் ஊரின் செடிக்குப் பொருத்தாதீர்கள். குறிப்பேட்டில் உள்ளூர்ப் பெயரோடு அறிவியல் பெயரையும் எழுதிவையுங்கள்.

ரோட்டோரத்துல, வாய்க்கால்ல தளதளன்னு நிக்குதே, அதைப் பறிக்கலாமா?

வேண்டாம். இந்தியாவில் 2000 ஆம் ஆண்டில்தான் ஈயம் கலந்த பெட்ரோல் நின்றது. அதற்கு முன் படிந்த ஈயம் பழைய சாலையோர மண்ணிலிருந்து எளிதில் போகாது. வண்டிப் புகையும் டயர் தூசியும் இன்றும் படிகின்றன. பெரிய சாலையிலிருந்து 50 மீட்டராவது உள்ளே போய்ப் பறியுங்கள்.

சாக்கடை கலக்கும் வாய்க்காலில் தளதளப்பாக நிற்பதுதான் அதிக ஏமாற்று. அங்கே பொன்னாங்கண்ணி போலவே ஒரு நீர்க்களை வளரும். பொன்னாங்கண்ணியில் வெள்ளைப் பூவுருண்டை காம்பில்லாமல் இலைக்கக்கத்தில் ஒட்டியிருக்கும். அந்தக் களையில் பூவுருண்டைக்கு நீண்ட காம்பு உண்டு, தண்டு உள்ளே குழாய்போல் இருக்கும். கழிவுநீரிலுள்ள உலோகங்களை அது உறிஞ்சிச் சேர்த்துவைக்கும். உண்மையான பொன்னாங்கண்ணியே ஆனாலும், நீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாத வாய்க்காலில் பறிக்கக் கூடாது.

வயல்ல மருந்து அடிச்சிருக்கான்னு எப்படித் தெரியும்?

கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். கண்ணால் பார்த்து உறுதி சொல்ல இயலாது. களைக்கொல்லி அடித்த வரப்பில் சில நாளில் இலை வெளுக்கும், நுனி சுருண்டு முறுக்கிக்கொள்ளும், ஓரிடம் முழுக்க ஒரே சீராகக் காயும். ஆனால் அடித்த மறுநாள் அந்த அறிகுறி எதுவும் தெரியாது. பருத்தி, மிளகாய், கத்தரி வயல்களின் ஓரத்தைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் பூச்சிமருந்து அடிக்கடி தெளிக்கப்படுகிறது. தரிசாகக் கிடக்கும் நிலமும் மானாவாரிக் காடும் ஓரளவு பாதுகாப்பானவை.

எங்கே பறித்தாலும் மூன்று நீரில் அலசுங்கள். முதல் இரண்டில் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் ஊறவிட்டால் மண்ணும் பூச்சிமுட்டையும் பிரியும். பயிருக்குள் ஊடுருவிய மருந்து அலசினால் போகாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பாம்பு பயமாயிருக்கு. இதுக்காகவே போகாம இருக்கேன்.

பயம் நியாயமானது, ஆனால் கையாளக்கூடியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குமே நம் வயல்பகுதிகளில் உண்டு. நன்றாக விடிந்த பின் போய் வெயில் ஏறுமுன் திரும்புங்கள். கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே நடங்கள். கை வைக்கும் முன் செடியைக் கம்பால் விலக்கிப் பாருங்கள். கற்குவியல், வைக்கோல்போர், எலிவளை பக்கம் கை நீட்டாதீர்கள். கடித்துவிட்டால் கீறவும் உறிஞ்சவும் இறுக்கிக் கட்டவும் கூடாது. கடிபட்ட கை, காலை அசைக்காமல் வைத்து 108க்கு அழைத்து மருத்துவமனைக்குப் போவதுதான் வழி. நஞ்சுமுறி மருந்து இந்த நான்கு பாம்புக்கும் பயன்படும்.

பாம்பைப் பற்றியே நினைத்து மற்றவற்றைக் கவனிக்காமல் விடுவோரும் உண்டு. புதர் மண்டிய வயல்களில் சுற்றுச்சுவரில்லாத கிணறு தரைமட்டத்திலேயே வாய் திறந்து கிடக்கும். காட்டுப்பன்றிக்காக யாரோ சட்டவிரோதமாக மின்கம்பி இழுத்திருக்கலாம். எந்த வேலிக் கம்பியையும் தொடாதீர்கள். மழைக்காலத்துக்குப் பின் புதரில் நடந்துவந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்தால், புதர்ப்பக்கம் போனதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிகரெட் சுட்டதுபோல ஒரு கருத்த புண் உடலில் மறைவான இடத்தில் இருந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். நேரத்தோடு மாத்திரை எடுத்தால் எளிதில் குணமாகும்.

மழை பேஞ்சதும் காளான் வருதே. பூண்டு போட்டு வேக வச்சு, கருக்கலைன்னா நல்ல காளான்னு சொல்றாங்களே?

பொய். பூண்டு, மஞ்சள், வெள்ளிக் கரண்டி எதுவும் நச்சுக் காளானைக் காட்டிக்கொடுக்காது. சில காளான்களின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. உண்டு 6 மணி நேரத்துக்கும் மேல் எதுவும் தெரியாமல் இருந்து, பிறகு வாந்தியும் பேதியும் வந்து, நடுவில் சரியானதுபோல் தோன்றி, அதன் பின் கல்லீரல் செயலிழக்கும். புற்றுக்காளானைத் தலைமுறையாகப் பறிக்கும் குடும்பத்தாரோடு போனால் ஒழிய, காளானைப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

யாரோட நிலம்னே தெரியாது. பறிச்சா தப்பா? காட்டுக்குள்ள போலாமா?

பட்டா நிலத்தில் கேட்டுவிட்டுப் பறியுங்கள். பெரும்பாலும் ‘தாராளமா எடுத்துக்கோங்க’ என்ற பதிலோடு, மருந்து அடித்த விவரமும் சேர்ந்து கிடைக்கும். வரப்பில் உளுந்தும் துவரையும் போட்டிருப்பார்கள், மிதித்துவிடக் கூடாது. படலைத் திறந்தால் திரும்ப மூடிவிட்டுப் போங்கள். ஒரு முறை மறந்தால் ஆடு உள்ளே புகுந்து ஒரு பட்டத்து விளைச்சலே போய்விடும்.

காப்புக்காடு, அதாவது வனத்துறை காக்கும் காடு, வேறு. 1882 ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி அங்கே அனுமதியின்றி நுழைவதும் பறிப்பதும் குற்றம். 2006 ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் சிறுவன மகசூல் (மரம் தவிர்த்த காட்டு விளைபொருள்) மீதான உரிமையைப் பழங்குடியினருக்கும் மரபாகக் காட்டில் வாழ்வோருக்கும்தான் தருகிறது. உலாப் போகும் நமக்கு அது பொருந்தாது.

முதல் தடவை சாப்பிடறப்போ எப்படிச் சாப்பிடணும்?

ஒரு வகையை மட்டும், வேகவைத்து, இரண்டு கரண்டி. பிறகு ஒரு நாள் பொறுங்கள். வயிறும் தோலும் அமைதியாக இருந்தால் அடுத்த முறை கூட்டலாம். கலவைக்கீரை பிறகு வரட்டும். ஐந்தைக் கலந்து உண்டு ஒவ்வாமை வந்தால் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. பிரண்டையைக் கொழுந்தாகப் பறித்து, நார் நீக்கி, எண்ணெயில் நன்றாக வதக்கிப் புளி சேர்த்தே சமைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாக்கும் தொண்டையும் அரிக்கும். அதிலுள்ள ஊசிபோன்ற ஆக்ஸலேட் படிகங்களே காரணம்.

கிட்னியில கல் இருக்கு, ரத்தம் உறையாம இருக்க மாத்திரையும் சாப்பிடறேன். காட்டுக்கீரை ஆகுமா?

கல் இருப்பவர்கள் புளியாரை, பருப்புக்கீரை, முள்ளுக்கீரை வகைகளைக் குறைக்க வேண்டும். ஆக்ஸலேட் அவற்றில் அதிகம். வேகவைத்த நீரை வடித்துவிட்டால் ஒரு பகுதி போகும், முழுதும் போகாது. வார்ஃபரின் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்குச் சிக்கல் வேறு விதமானது. கீரையிலுள்ள வைட்டமின் கே அந்த மருந்தின் வேலையைக் குறைக்கும். ஒரு வாரம் கூடை நிறைய உண்டு மறுவாரம் ஒன்றுமில்லாமல் இருப்பதுதான் அவர்களுக்கு ஆபத்து. மருத்துவரிடம் கேட்டு ஒரே அளவாக வைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு, மூட்டுவலிக்கு என்று மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்புவது கூடவே கூடாது.

தப்பான செடியைச் சாப்பிட்டுட்டோம்னு தோணுச்சுன்னா?

வாந்தி எடுக்க வைக்க உப்புநீர் கொடுக்காதீர்கள். மீதமுள்ள செடியையோ சமைத்த கீரையையோ பையில் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். வாய் வறண்டு, கண்மணி விரிந்து, பிதற்றல் இருந்தால் ஊமத்தையாக இருக்கலாம் என்று சொல்லுங்கள். எத்தனை மணிக்கு உண்டது என்பதும் மருத்துவருக்கு முக்கியம். காளானுக்குச் சொன்னதுபோல, அறிகுறி தாமதமாக வரும் நஞ்சும் உண்டு என்பதால் ‘இப்போ ஒண்ணுமில்லையே’ என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

நாலு மாசமா அதே பாதையிலதான் போறேன். இப்பல்லாம் போரடிக்குது. புது இடம் பார்க்கவா?

பாதையை மாற்றுவதற்கு முன் வேகத்தை மாற்றிப் பாருங்கள். ஓரிடத்தில் உட்கார்ந்து, கைக்கு எட்டும் தூரத்துக்குள் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ணுங்கள். முடக்கத்தான் காற்றுப்பையைப் பிரித்து அதன் கருப்பு விதையில் வெள்ளை இதயக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். கானாவாழையின் நீலப்பூ எத்தனை மணிக்கு வாடுகிறது, எருக்கில் வரிப்புழு எந்த வாரத்தில் வருகிறது, எந்த இலந்தை முதலில் பழுக்கிறது என்று தேதியோடு குறித்துவையுங்கள். அடுத்த ஆண்டு அதே தேதியில் அந்த ஏட்டை எடுத்துக்கொண்டு போகும்போது, பாதை பழையதாக இருக்காது. கூடவே ஒருவரை அழைத்துப் போங்கள். முதல் நாளில் யாரோ உங்களுக்குக் காட்டிய அந்தக் குப்பைக்கீரையை அவருக்குக் காட்டலாம்.